மாங்கனீசும் மாறிப்போன நடையும்: நேட்டால் தமிழ் வீடுகளில் கேட்ட கேள்விகள்

என் அப்பா தென்னாப்பிரிக்காவின் நேட்டால் வடகரைச் சர்க்கரை ஆலைகளில் வெல்டராக இருந்தவர். ஓய்வு பெறுவதற்கு முந்தைய ஆண்டுகளிலேயே அவருடைய நடை மாறியது, குரல் தாழ்ந்தது. முதலில் "வயசாச்சு" என்றார்கள், பிறகு "பார்க்கின்சன்" என்றார்கள். என்ன வேலை செய்தீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்காததால் நாங்களும் சொல்லவில்லை. அவர் போன பிறகுதான், வெல்டிங் புகையிலுள்ள மாங்கனீசு என்ற உலோகம் இப்படி நடையைக் கெடுக்கும் என்பதைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். டர்பனில் நம்மவர்கள் வாழும் சாட்ஸ்வர்த்திலும் ஃபீனிக்சிலும் பூசை முடிந்து பந்தியில் உட்காரும்போது பக்கத்தில் வந்து கேட்டவர்களின் கேள்விகளே இவை. நான் மருத்துவர் இல்லை. படித்ததையும் மருத்துவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் எழுதுகிறேன்.

பார்க்கின்சன் நோய், பார்க்கின்சனிசம்: இரண்டும் ஒன்றுதானே?

இல்லை. அசைவு மந்தமாவது, உடம்பு விறைப்பது, முகத்தில் உணர்ச்சி குறைவது, கால் இழுத்து நடப்பது, கை நடுங்குவது ஆகியவை சேர்ந்து வருவதற்குப் பார்க்கின்சனிசம் என்று பெயர். இது அடையாளங்களின் தொகுப்பு. அந்தத் தொகுப்புக்கு அடிக்கடி காரணமாக இருப்பது பார்க்கின்சன் நோய். லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817இல் விவரித்தது அதைத்தான். மூளையின் அடியில், அசைவுக்குச் செய்தி கடத்தும் டோபமைன் என்ற பொருளைச் சுரக்கும் செல்கள் தாமாகவே அழிந்துபோவதால் அந்த நோய் வருகிறது.

அதே அடையாளங்கள் வெளிக்காரணத்தால் வந்தால் இரண்டாம் நிலை பார்க்கின்சனிசம். மருந்து, விஷவாயு, பக்கவாதம், உலோகம் என்று காரணம் பல. வித்தியாசத்தைத் தெரிந்துகொள்வது ஏன் முக்கியம் என்றால், வெளிக்காரணத்தைக் கண்டுபிடித்தால் அதை நிறுத்த முடியும்.

நீங்கள் சொல்லும் வேதிப்பொருள் எது?

மாங்கனீசு டை ஆக்சைடு. ஒரு மாங்கனீசு அணு, இரண்டு ஆக்சிஜன் அணு, அவ்வளவு எளிமையான சேர்மம். கறுப்புத் தூள். டார்ச் பேட்டரியை உடைத்தால் உள்ளே கரிபோல் இருக்கிறதே, அதில் பெரும்பங்கு இதுதான். பூமியிலிருந்து வெட்டும் மாங்கனீசுத் தாதுவிலும் இதுவும் இதன் உறவுச் சேர்மங்களும் இருக்கின்றன. உலையில் உருக்கும்போதும் வெல்டிங் செய்யும்போதும் எழும் புகையில் மாங்கனீசின் மற்ற ஆக்சைடுகள் மிக நுண்ணிய துகளாக மிதக்கும். உடலுக்குள் போனபின் கெடுதல் செய்வது அதிலுள்ள மாங்கனீசு.

இது புதிதாகக் கண்டுபிடித்த ஆபத்தா?

1837இல் எழுதிவைத்துவிட்டார்கள். கிளாஸ்கோவில் ஜான் கூப்பர் என்ற மருத்துவர் சலவைத்தூள் ஆலைத் தொழிலாளர் ஐந்து பேரைப் பார்த்தார். துணி வெளுக்கும் தூளுக்குக் குளோரின் வேண்டும், அந்தக் குளோரினைத் தயாரிக்க மாங்கனீசு டை ஆக்சைடு வேண்டும். அதை அரைப்பது இவர்கள் வேலை. கால்களில் பலம் போயிருந்தது. முன்னோக்கிச் சாய்ந்து நடந்தார்கள். குரல் முணுமுணுப்பாகிவிட்டது, வாயில் எச்சில் வழிந்தது. கை நடுக்கம் இல்லை என்பதையும் கூப்பர் கவனித்து எழுதினார். பார்க்கின்சன் தம் கட்டுரையை வெளியிட்டு அப்போது சுமார் இருபது ஆண்டுகளே ஆகியிருந்தன என்பதை நினைத்துப் பாருங்கள்.

பிறகு 1960களில் ஜார்ஜ் கோட்ஸியாஸ் என்ற ஆய்வாளர் சிலி நாட்டு மாங்கனீசுச் சுரங்கத் தொழிலாளரை ஆராய்ந்தார். அங்கே உடம்பு விறைப்பதற்கு முன்பே சிலருக்கு மனம் மாறும்: காரணமில்லாமல் சிரிப்பு, அழுகை, கோபம். ஊரார் அதை "மாங்கனீசுப் பைத்தியம்" என்றே அழைத்தார்கள். மாங்கனீசை ஆராயப்போன இதே கோட்ஸியாஸ்தான் 1967இல் லெவோடோபா மருந்தை அதிக அளவில் கொடுத்தால் பார்க்கின்சன் நோயாளிகள் எழுந்து நடப்பதைக் காட்டியவர். இன்று உலகம் முழுவதும் பார்க்கின்சன் நோயாளிகள் சாப்பிடும் மாத்திரைக்கும் சுரங்கத் தூசிக்கும் இப்படி ஒரு தொடர்பு உண்டு.

நமக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? நம் முன்னோர் கரும்புத் தோட்டத்துக்கு அல்லவா வந்தார்கள்?

1860இல் டர்பனில் இறங்கியவர்கள் கரும்புக்கு வந்தவர்கள்தான். அவர்களுடைய பேரன்களும் கொள்ளுப்பேரன்களும் ஆலைக்கும் பட்டறைக்கும் கப்பல் பழுதுபார்க்கும் இடத்துக்கும் போனார்கள். சாட்ஸ்வர்த்தில் ஒரு தெருவில் எத்தனை பாய்லர்மேக்கர், எத்தனை ஃபிட்டர், எத்தனை வெல்டர் இருந்தார்கள் என்று அங்கே வளர்ந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

உலகில் அறியப்பட்ட மாங்கனீசு வளத்தின் பெரும்பகுதி இந்த நாட்டில், வட கேப் மாகாணத்துக் கலஹாரியில் இருக்கிறது. ஹோட்டஸெல், பிளாக் ராக் பக்கம் வெட்டிய தாது ரயிலில் தெற்கே போகிறது. ஒரு பங்கு கெபெகா துறைமுகத்தில் குவிக்கப்பட்டுக் கப்பலேறுகிறது. போர்ட் எலிசபெத் என்று நாம் சொல்லிப் பழகிய ஊர். அங்கே மலபார் பகுதியில் நம் சொந்தக்காரர்கள் பலர் உண்டு. துறைமுகத்தை ஒட்டியவர்கள் சன்னலில் படியும் கறுப்புத் தூசியைப் பற்றிப் பல ஆண்டுகளாக முறையிட்டு வருகிறார்கள். இன்னொரு பங்கு தாது உள்நாட்டிலேயே உருக்கப்பட்டது. கௌட்டெங் மாகாணத்தின் மேயர்ட்டனில் பெரிய உலை, நம் மாகாணத்தில் டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் நடுவே கேட்டோ ரிட்ஜில் ஓர் உலை.

தென்னாப்பிரிக்காவிலேயே ஆய்வு செய்திருக்கிறார்களா?

செய்திருக்கிறார்கள். என்னைத் தூங்கவிடாமல் செய்தது மேயர்ட்டன் ஆய்வுதான். உலைக்குள் வேலை செய்தவர்களை விட்டுவிட்டு, உலைக்கு அருகே குடியிருந்தவர்களை அமெரிக்க நரம்பியல் மருத்துவர் பிராட் ராசெட்டும் இந்நாட்டு ஆய்வாளர்களும் பரிசோதித்தார்கள். மேயர்ட்டனில் 621 பேர், உலை இல்லாத எத்தெம்பெனி என்ற குடியிருப்பில் 95 பேர். காற்றிலுள்ள நுண்தூசியில் மாங்கனீசு அளவு மேயர்ட்டனில் ஒரு கன மீட்டருக்குச் சராசரியாக 203 நானோகிராம், எத்தெம்பெனியில் 10. வாழ்நாள் முழுதும் சுவாசித்தாலும் பாதிப்பிருக்காது என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் அமைப்பு வைத்திருக்கும் அளவு 50. பார்க்கின்சனிச அடையாளங்களுக்கு மதிப்பெண் போடும்போது மேயர்ட்டன்வாசிகளுக்குக் கூடுதலாக வந்தது.

அவர்கள் எல்லாரும் நோயாளிகள் என்று இதற்கு அர்த்தம் இல்லை. பலருக்குத் தங்களிடம் மாற்றம் இருப்பதே தெரியாது. விரல்களைத் தட்டச் சொன்னால் கொஞ்சம் மெதுவாகத் தட்டுவார்கள், கையை மடக்கினால் லேசான விறைப்பு தெரியும். அந்த லேசான மாற்றம் ஓர் ஊர் முழுக்கத் தெரிந்தது என்பதுதான் செய்தி.

இன்னொரு ஆய்வு, இறந்துபோன மாங்கனீசுச் சுரங்கத் தொழிலாளரின் மூளையைப் பார்த்தது. குடும்பம் சம்மதித்தால் சுரங்கத் தொழிலாளரின் நுரையீரலையும் இதயத்தையும் இறப்புக்குப் பின் பரிசோதிக்க இந்நாட்டுச் சட்டத்தில் நெடுநாளாக இடமுண்டு. அந்த ஏற்பாடு இருந்ததால் மூளையையும் ஆராய முடிந்தது. அசைவைக் கட்டுப்படுத்தும் பகுதியில் நரம்புச் செல்களும் அவற்றைத் தாங்கும் செல்களும், மாங்கனீசில் வேலை செய்யாதவர்களை ஒப்பிடும்போது குறைவாக இருந்தன. 2014இல் வெளியான இந்த முடிவுக்குப் பின்னால், துக்க வீட்டில் நின்றுகொண்டு சரி என்று கையெழுத்திட்ட மனைவிகளும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

வெல்டிங் செய்கிற எல்லாருக்கும் இது வருமா?

வராது. இதில் ஆய்வாளர்களுக்குள்ளேயே நீண்ட வாதம் உண்டு. டென்மார்க்கிலும் சுவீடனிலும் மருத்துவமனைப் பதிவேடுகளை வைத்துச் செய்த பெரிய ஆய்வுகளில் வெல்டர்களிடம் பார்க்கின்சன் நோய் கூடுதலாகத் தெரியவில்லை. அதே சமயம் ராசெட் குழு அமெரிக்கக் கப்பல் கட்டும் தளத் தொழிலாளர் உட்பட 886 பேரை நேரில் பரிசோதித்து 2017இல் வெளியிட்ட ஆய்வில், சுமார் 15 சதவீதத்தினருக்குப் பார்க்கின்சனிச அடையாளம் இருந்தது. சுவாசித்த மாங்கனீசு கூடக் கூட, அடையாளங்களும் ஆண்டுக்கு ஆண்டு வேகமாகக் கூடின.

இரண்டும் முரண் போலத் தோன்றும். என் புரிதல் இது: பதிவேட்டில் இருப்பது மருத்துவர் பெயர் சூட்டிய பார்க்கின்சன் நோய் மட்டும். ராசெட் பார்த்தது அசைவில் தெரியும் மாற்றத்தை, அதுவும் இன்னும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர்களிடம். மாங்கனீசு செய்வது பார்க்கின்சன் நோயே அல்ல, அதன் சாயலுள்ள வேறொன்று என்றால் இரண்டு முடிவுகளும் ஒன்றாக நிற்க முடியும்.

ஒரு விஷயம் வெல்டர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். இரும்பைவிட மாங்கனீசு குறைந்த சூட்டிலேயே ஆவியாகும். அதனால் உருக்கி ஒட்டும் கம்பியான ராடில் இருக்கும் விகிதத்தைவிடப் புகையில் மாங்கனீசின் விகிதம் அதிகம். திறந்த வெளியில் அந்தப் புகை கலைந்துவிடும். தொட்டிக்குள், பாய்லருக்குள், கப்பலின் அடித்தளத்துக்குள் அது எங்கும் போகாது. ஆலை அரைவை நின்ற மாதங்களில் அப்பா வேலை செய்தது பெரும்பாலும் அப்படிப்பட்ட இடங்களில்தான்.

சாப்பாட்டிலும் மாங்கனீசு இருக்கிறதாமே, அது ஒன்றும் செய்யாதா?

உடம்புக்கு அது தேவை. ஆணுக்கு நாளொன்றுக்குச் சுமார் 2.3 மில்லிகிராம், பெண்ணுக்கு 1.8. தேநீர், பருப்பு, கீரை, முழுத்தானியம் எல்லாவற்றிலும் இருக்கிறது. தேநீரைப் பயந்து நிறுத்திய ஒரு ஆயாவைத் தெரியும், தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். உணவில் வரும் மாங்கனீசில் சில சதவீதத்தை மட்டுமே குடல் உள்ளே விடும். அதிலும் மிஞ்சியதை ஈரல் பித்தத்தோடு வெளியே தள்ளிவிடும்.

மூச்சு வழியே போவது வேறு கதை. நுரையீரலிலிருந்து நேராக இரத்தத்துக்குப் போகிறது, ஈரலின் காவலைத் தாண்டாமல் மூளைக்குச் சென்றுவிடும். மூக்கின் மணமறியும் நரம்பு வழியாகவும் மூளையை எட்டுகிறது என்று விலங்கு ஆய்வுகள் காட்டுகின்றன. அங்கே குளோபஸ் பாலிடஸ் என்ற பகுதியில் போய்த் தங்குகிறது.

இருவருக்கு மட்டும் கூடுதல் கவனம் தேவை. ஈரல் சுருங்கியவர்களுக்கு மாங்கனீசு வெளியேறாது, ஆலைப் பக்கமே போகாதவர்களுக்குக்கூடச் சேர்ந்துவிடும். இரும்புச்சத்து குறைந்தவர்களுக்கு, இரும்பை ஏற்றும் அதே வாயில் வழியாக மாங்கனீசு அதிகமாக ஏறும். இரத்தசோகையோடு பட்டறைக்குப் போகிறவர் முதலில் அதைச் சரிசெய்துகொள்ளட்டும்.

பழைய பேட்டரி? புண்ணுக்கு ஊதா நிறத் தண்ணீர்?

பேட்டரியைக் கையில் எடுப்பதால் ஒன்றும் ஆகாது. கிணற்றருகே புதைக்காதீர்கள். ஜப்பானில் சுமார் 400 பேட்டரிகளைக் கிணற்றுப் பக்கம் புதைத்ததால் அந்தத் தண்ணீரைக் குடித்த 25 பேர் பாதிக்கப்பட்டதாக 1941இல் பதிவானது.

ஊதா நிறத் தண்ணீர் என்பது பொட்டாசியம் பெர்மாங்கனேட், நம் ஆயாமார் காண்டிஸ் கிரிஸ்டல் என்பார்களே அது. நன்றாக நீர்த்துப் புண் கழுவுவதால் இந்த நோய் வந்ததாக நான் படித்ததில்லை. ஊசியில் ஏறினால் மட்டும் பயங்கரம். லாட்வியாவில் பெர்மாங்கனேட் கலந்து வீட்டில் காய்ச்சிய போதைமருந்தை இரத்தக்குழாயில் ஏற்றிக்கொண்ட 23 பேருக்கு நடை, பேச்சு, சமநிலை கெட்டதை 2008இல் மருத்துவர்கள் வெளியிட்டார்கள். நிறுத்திய பிறகும் அவர்கள் நடை திரும்பவில்லை.

எங்கள் மாமாவுக்குக் கை நடுங்கவே இல்லை. அப்படியென்றால் இது இல்லைதானே?

நடுக்கம் இல்லாததுதான் இங்கே யோசிக்க வைக்க வேண்டும். பார்க்கின்சன் நோயில் பெரும்பாலும் ஒரு பக்கக் கை, சும்மா மடியில் வைத்திருக்கும்போது நடுங்கும். மாங்கனீசில் அந்த நடுக்கம் அரிது. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி பாதிக்கும். பின்பக்கமாக விழுவார்கள், பின்னால் ஓரடி வைக்கச் சொன்னால் தடுமாறுவார்கள். சிலர் குதிகால் தரையில் படாமல், முழங்கையை மடக்கி, முதுகை நிமிர்த்தி நடப்பார்கள். அதற்குச் சேவல் நடை என்று மருத்துவ நூல்களிலேயே பெயர்.

அப்பா அப்படித்தான் நடந்தார். பிள்ளைகள் தாத்தா நடனமாடுகிறார் என்று சிரித்தன, நாங்களும் கண்டிக்கவில்லை. அதற்கு முன்பே கோயிலில் தேவாரம் பாடுகையில் அவர் குரல் மற்றவர்களுக்குள் அமிழ்ந்துபோனது. அதற்கும் முன்பு, ஒன்றுமில்லாததற்கு அம்மாவிடம் கத்தினார், பிறகு உட்கார்ந்து அழுதார். வேலைக் களைப்பு என்று நினைத்தோம். வரிசை இதுதான்: மனம், குரல், நடை.

எம்ஆர்ஐ எடுத்தால் தெரிந்துவிடுமா?

எப்போது எடுக்கிறோம் என்பதைப் பொறுத்தது. மாங்கனீசு சேர்ந்திருந்தால் ஒருவகை எம்ஆர்ஐ படத்தில் குளோபஸ் பாலிடஸ் வெளிச்சமாகத் தெரியும். ஆனால் வேலையிலிருந்து விலகிய ஆறு மாதம், ஓராண்டுக்குள் அந்த வெளிச்சம் மங்கிவிடும். இரத்தத்தில் அளவும் அப்படியே இறங்கிவிடும். படம் சுத்தமாக இருக்கிறது என்றால் இப்போது மாங்கனீசு சேர்ந்திருக்கவில்லை என்றுதான் பொருள். முன்பு ஏற்பட்ட சேதத்தைப் பற்றி அது எதுவும் சொல்லாது.

அப்பாவுக்குப் படம் எடுத்தது வேலையை விட்ட நான்கு ஆண்டுகள் கழித்து. ஒன்றும் தெரியவில்லை. அவருக்கு வந்தது மாங்கனீசுதானா என்பதை இனி யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. இன்னும் வேலையில் இருப்பவர்களை அவசரப்படுத்துவதற்கு எனக்கு இந்த ஒரு காரணம் போதும்.

மாத்திரையால் குணமாகுமா?

லெவோடோபா பார்க்கின்சன் நோய்க்குக் கைகொடுப்பதுபோல் இதற்குக் கொடுப்பதில்லை. சிலருக்குக் கொஞ்ச நாள் உதவும், பலருக்கு உதவாது. மாங்கனீசுக் கெடுதல் முக்கியமாக டோபமைன் செல்களில் அல்ல, அந்த டோபமைனைப் பெற்றுக்கொள்ளும் பக்கத்தில். அனுப்புகிறவன் பலமாகக் கூப்பிட்டும், கேட்கிறவன் காது போனால் என்ன செய்வது? உலோகத்தைப் பிணைத்து வெளியேற்றும் ஊசி மருந்துகளால் உடம்பிலுள்ள மாங்கனீசு குறைகிறது, நடை திரும்புவது எல்லாருக்கும் நடப்பதில்லை. உடற்பயிற்சிச் சிகிச்சை, பேச்சுப் பயிற்சி, விழாமல் பார்த்துக்கொள்வது ஆகியவை உண்மையான உதவி.

தைவானில் ஓர் உலோகக்கலவை ஆலையில் 1980களில் காற்றோட்டக் கருவி பழுதாகிக் கிடந்து, தொழிலாளர் ஆறு பேர் பாதிக்கப்பட்டார்கள். அவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். வேலையை விட்ட பிறகும் முதல் பத்தாண்டுகள் நோய் மோசமாகிக்கொண்டே போய், அதன் பிறகே ஓரளவு நின்றது.

அம்மா எந்த ஆலைக்கும் போனதில்லை, ஆனால் அதே அடையாளம். எங்கே பார்ப்பது?

மருந்துப் பெட்டியை. இரண்டாம் நிலை பார்க்கின்சனிசத்துக்கு மிக அதிகமாகக் காரணமாவது மருந்துகளே. தலைசுற்றலுக்கு மாதக்கணக்கில் சாப்பிடும் ஸ்டெமெட்டில், வாந்திக்குக் கொடுக்கும் மேக்ஸலான், மனநோய்க்குக் கொடுக்கும் ஹாலோபெரிடால் போன்றவை. தலைசுற்றல் போன பிறகும் மாத்திரையைத் தொடர்ந்து வாங்கிச் சாப்பிடும் பெரியவர்கள் நிறைய. நீங்களாக நிறுத்தாதீர்கள், எல்லா மாத்திரையையும் ஒரு பையில் போட்டு மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். இந்த வகை, மருந்தை மாற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

வெல்டிங் முடிந்து பால் குடித்தால் புகை இறங்கிவிடும் என்கிறார்களே?

இறங்காது. அப்பாவும் தினமும் குடித்தார். பால் வயிற்றுக்குப் போகிறது, புகை நுரையீரலுக்குப் போகிறது.

உதவுவது காற்றோட்டம். புகை எழும் இடத்திலேயே அதை உறிஞ்சும் குழாய் வேண்டும், தலை அந்தப் புகைக்கு நேர்மேலே இருக்கக்கூடாது. மூடிய இடத்தில் காற்றைச் செலுத்தாமல் இறங்கக்கூடாது. சாதாரணத் துணி முகமூடி பயன்படாது, துகள் வடிக்கும் சுவாசக்கருவி வேண்டும். ராட் பெட்டியோடு வரும் பாதுகாப்புத் தகவல் தாளில் மாங்கனீசு எத்தனை சதவீதம் என்று இருக்கும், தேய்ந்த பாகங்களைப் புதுப்பிக்கும் ஹார்ட்ஃபேசிங் ராட்களில் அதைக் கட்டாயம் பாருங்கள். தொழில் சுகாதார வல்லுநர்களின் அமெரிக்க அமைப்பு 2013இல் நுரையீரலுக்குள் இறங்கும் மாங்கனீசுக்கு வைத்த வரம்பு ஒரு கன மீட்டருக்கு 0.02 மில்லிகிராம். தூசி படிந்த உடுப்பை வீட்டுக்குக் கொண்டுவந்து பிள்ளைகள் துணியோடு துவைக்காதீர்கள்.

இழப்பீடு கேட்க முடியுமா?

முடியும். 1993ஆம் ஆண்டின் தொழில்சார் காயம், நோய் இழப்பீட்டுச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் மாங்கனீசும் அதன் நச்சுச் சேர்மங்களும் தரும் நோய் இடம்பெற்றிருக்கிறது. அட்டவணையில் உள்ள நோயும் அதற்குரிய வேலையும் பொருந்தினால், வேலையால்தான் வந்தது என்று சட்டமே எடுத்துக்கொள்ளும். இல்லை என்றால் மறுப்பவர்தான் நிரூபிக்க வேண்டும். சுரங்கத் தொழிலாளருக்கென்று 1973 முதல் இருக்கும் தனிச் சட்டம் நெஞ்சு நோய்களைத்தான் பார்க்கிறது. அதனால் சுரங்கத்தில் வந்த நரம்புக் கோளாறுக்கும் 1993 சட்டத்தையே நாட வேண்டும். வேலையால் வந்த நோய் என்று மருத்துவர் கருதினால் அதைத் தெரிவிக்க அவருக்குக் கடமை உண்டு. காலக்கெடு உள்ளதால், மருத்துவர் நோய்க்குப் பெயர் சூட்டிய உடனே மனுப் போடுங்கள்.

மருத்துவரிடம் போகும்போது என்ன கொண்டுபோக வேண்டும்?

ஒரு தாள். முதல் வேலையிலிருந்து கடைசி வேலை வரை, எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை, என்ன வேலை, திறந்த வெளியா மூடிய இடமா, எந்த ராட், எந்தத் தாது, முகமூடி இருந்ததா என்று எழுதுங்கள். கூட வேலை செய்த அண்ணன் தம்பிகளில் யாருக்காவது இதே போல நடை மாறியதா என்பதையும் சேருங்கள். உட்கார்ந்ததும் முதலில் அந்தத் தாளைக் கொடுத்து, "மாங்கனீசாக இருக்குமா?" என்று நீங்களே கேளுங்கள். பழைய சம்பளச் சீட்டு, யூனியன் அட்டை எது கிடைத்தாலும் எடுத்துப்போங்கள்.

அப்பாவுக்கு அப்படி ஒரு தாளை அவர் இறந்த பிறகுதான் எழுதினேன். அவருடன் வேலை செய்த இரண்டு மாமாக்கள் வீட்டுக்கு வந்து ஆண்டுகளை நினைவுபடுத்திச் சொன்னார்கள். எழுதி முடித்தபோது பக்கம் நிரம்பியிருந்தது. அவர்களில் ஒருவர் அந்தத் தாளை வாங்கி நெடுநேரம் பார்த்துவிட்டு, தனக்கும் ஒன்று எழுதித் தரச் சொன்னார். மறு வாரம் அதை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போனார்.